பழைய காருக்குப் பல் பிடித்துப் பார்ப்பது

எங்கள் பக்கம் மாடு வாங்கப் போகிறவர் முதலில் செய்வது வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுதான். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று பல்லை வைத்தே வயசைச் சொல்லிவிடுவார்கள். விற்கிறவர் "நாலு பல்லுதான்யா" என்று சத்தியம் பண்ணினாலும் அந்த வார்த்தையை நம்பி யாரும் துண்டுக்குள் கை நீட்ட மாட்டார்கள். அதே ஆட்கள் மூணு லட்ச ரூபாய்க்குப் பழைய கார் வாங்கப் போனால் மீட்டரில் ஓடும் நம்பரைப் பார்த்துவிட்டு, "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு, பரவாயில்ல" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மீட்டர் நம்பர் என்பது விற்கிறவரின் வாய்வார்த்தை மாதிரிதான். காருக்கும் பல் உண்டு, ஆனால் அது வேறு இடங்களில் இருக்கிறது.

போன வருஷம் நாங்கள் ஒரு பழைய கார் வாங்க வேண்டி வந்தது. ஆசைக்கு வாங்கவில்லை. சித்தப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவை மதுரையில் டயாலிசிஸ். நரிக்குடியில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, விருதுநகர் - மானாமதுரை பாதையில். ஆனால் அந்த ரயிலின் நேரத்துக்கும் ஆஸ்பத்திரி நேரத்துக்கும் ஒத்துவராது. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்து வருகிறவரைப் பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிவர முடியாது. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் பிடித்ததில் மாசத்துக்கு 20,000 ரூபாய் போனது. சித்தி தன் ஏழு பவுனைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு வந்து, "இதுக்குள்ள ஒரு வண்டிய வாங்கிருங்கப்பா" என்று தம்பியிடம், அதாவது சித்தப்பா மகனிடம், கொடுத்துவிட்டார். மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி எனக்குப் போன் பண்ணினான். எனக்கும் கார் மெக்கானிசம் தெரியாது. ஒரு மாசம் உட்கார்ந்து படித்தது, கேட்டது, மூணு வண்டிகளைப் பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு பொருளாதாரக் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பழைய கார் பற்றி உலகத்திலேயே பேர் வாங்கிய கட்டுரை அதுதான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் எழுதியது. மூணு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகு நாலாவது பத்திரிகை போட்டது. 2001இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சங்கதி எளிதானது. விற்கிறவருக்குத் தன் கார் நல்லதா, ஓட்டையா என்று தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் நல்ல காருக்கும் ஓட்டைக் காருக்கும் நடுவான ஒரு விலையைத்தான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் வைத்துக்கொள்வார். சந்தையில் மிச்சம் இருப்பதில் ஓட்டை அதிகமாகும். வாங்குகிறவர் அதையும் ஊகித்து விலையை இன்னும் குறைப்பார். இன்னும் கொஞ்சம் நல்ல கார்கள் வெளியேறும். இப்படியே போனால் சந்தையே படுத்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அகர்லாஃப் 1967-68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு வருஷம் இருந்தவர். கட்டுரையில் அமெரிக்கக் கார் சந்தைக்குப் பக்கத்திலேயே நம்ம ஊர் வட்டிக்கடைக்காரரும் வருகிறார், கடையில் வாங்கிய அரிசியில் கல் பொறுக்கும் வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். அரிசியோடு அதே நிறத்தில் கல்லைக் கலந்து விற்பதால் வரும் செலவு ஏமாற்றியவனோடு நிற்பதில்லை, எல்லா வீட்டிலும் ஒரு ஆள் உட்கார்ந்து கல் பொறுக்கும் நேரமும் அந்தச் செலவுதான். பழைய கார் பார்ப்பதும் கல் பொறுக்குவதுதான். பொறுக்கத் தெரிந்தால் போதும்.

நாங்கள் தேடியது டீசல் டிசையர். காரணம் பெருமை இல்லை. அந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது; மாருதி, டாடா, ஃபியட் மூணு பேர் வண்டியிலும் ஓடியது. அதனால் அருப்புக்கோட்டையிலும் மானாமதுரையிலும் அதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் கிடையாது, பார்ட்ஸும் கிடைக்கும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது, ஆகவே இருப்பது எல்லாம் பழசுதான். ஊரில் யார் கைக்கும் பழக்கமில்லாத ஒரு கம்பெனி வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினால், ஒரு சென்சாருக்காக வண்டியை மதுரைக்கு டோ பண்ண வேண்டிவரும். எதை வாங்குகிறோம் என்பதைவிட அது நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார் என்பதை முதலில் யோசிக்கணும். எங்களுக்கு வேற வழியும் இல்லை, வண்டி நிற்கக்கூடாது.

முதல் வண்டி மதுரையில், ஒரு புரோக்கர் மூலமாக. 2014 மாடல், வெள்ளி நிறம், மீட்டரில் 61,000. உள்ளே புது சீட் கவர், வாசனைத் திரவம், பாலிஷ். தம்பிக்கு அப்பவே பிடித்துப்போனது. நான் உட்கார்ந்து முதலில் கால்பக்கம் பார்த்தேன். பிரேக் பெடல் ரப்பரில் வரிகள் முழுசாகத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, கிளச்சில் ஒரு ஓரம் ரப்பரே இல்லை. ஸ்டீயரிங்குக்குப் புதுசாக ஒரு உறை போட்டிருந்தார்கள். அதைக் கொஞ்சம் விலக்கினால் கை பிடிக்கும் இடம் பளபளவென்று இருந்தது. அறுபதாயிரம் கிலோமீட்டரில் இப்படித் தேயாது. பெடல், ஸ்டீயரிங், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் வலது ஓரம், இதெல்லாம்தான் காரின் பல்.

டயரையும் பார்த்தேன். எந்த டயரின் பக்கவாட்டிலும் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. இந்த வண்டியில் நாலு டயரும் 2021. ஸ்டெப்னி மட்டும் 2014. ஒரு செட் டயர் சாதாரணமாக 40,000, 50,000 கிலோமீட்டர் வரும். இப்போது இருப்பது பாதி தேய்ந்திருக்கிறது. 2014இலிருந்து 2021 வரை ஓடியது ஒரே செட்டா, ரெண்டு செட்டா? எப்படிக் கணக்குப் போட்டாலும் 61,000 ரொம்ப இடிக்கிறது. கடைசியில் தம்பி வண்டி நம்பரைச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் அவன் கூட்டாளியிடம் கேட்டான். 2019இலேயே 1,18,000 என்று பதிவு இருந்தது.

புரோக்கரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. "இதெல்லாம் சகஜம் சார், வண்டிய ஓட்டிப் பாருங்க" என்றார். உண்மையில் 1,80,000 ஓடிய டீசல் வண்டி ஒன்றும் குற்றமில்லை, ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் அந்த இன்ஜின் இன்னும் ஓடும். பிரச்சனை, மீட்டரைப் பின்னால் தள்ளியவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார் என்பது நமக்குத் தெரியாது. ஒரு பொய்யைக் கண்டுபிடித்த பிறகு விலை பேசுவதில் அர்த்தமில்லை என்று எழுந்து வந்துவிட்டோம். தம்பிக்கு வருத்தம்தான்.

ரெண்டாவது வண்டிதான் எங்களை மாட்டவைக்கப் பார்த்தது. 2018 மாடல், மீட்டர் நேர்மை, சர்வீஸ் பதிவு ஒழுங்கு, ஒரே ஓனர். விலை மட்டும் அந்த மாடலுக்கு எழுபது எண்பதாயிரம் குறைவு. நம்பர் டி.என். 69, தூத்துக்குடிப் பதிவு. "அவசரத்துக்கு விக்கிறாங்க" என்றார் விற்றுக்கொடுக்கிறவர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு ரெண்டு வாரம் முன்னால் மிச்சாங் புயலில் சென்னை. 2015 டிசம்பரிலும் சென்னை. தண்ணீருக்குள் நின்ற கார்கள் எல்லாம் எங்கே போகின்றன? இன்சூரன்ஸ் இருந்த வண்டியில், பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை மொத்த நஷ்டமாகக் கணக்கு வைத்து, உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி சால்வேஜ் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் கழுவி, காயவைத்து, ஓடுகிற அளவுக்குத் தேற்றி, தண்ணீரே பார்க்காத ஒரு ஊரில் விற்பார். எங்கள் வானம் பார்த்த பூமியில் காருக்குள் வெள்ளம் புகுந்திருக்கும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. தூத்துக்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு நேர் நாலுவழிச் சாலை வேறு.

டி.என். 69 என்றாலே வெள்ள வண்டி என்று சொல்லவில்லை, அது அநியாயம். ஆனால் பார்க்கணும். எங்களோடு வந்த அருப்புக்கோட்டை மெக்கானிக் அண்ணன் போனதும் பானெட்டைத் திறக்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார், இழுத்தார், சுருள் தீரும்வரை இழுத்தார். பெல்ட்டின் கடைசி ஒண்ணரை அடி நிறம் மாறி, ஓரத்தில் கோடு போட்டது மாதிரி மண் கறை. "தம்பி, இத யாரும் கழுவ மாட்டாய்ங்க. ஏன்னா யாரும் இம்புட்டு தூரம் இழுக்க மாட்டாய்ங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் கீழே குழியில் வண்டல். சீட்டுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு, திருகாணிகளிலும் துரு. பின்பக்க விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே மெல்லிய மண் படலம். நம்ம ஊர் வண்டியிலும் மண் இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது காற்றில் வந்த புழுதி, மூலை முடுக்கில் தளர்வாகக் குவிந்திருக்கும், ஊதினால் பறக்கும். தண்ணீர் கொண்டுவந்தது மாவு மாதிரி சன்னமாக, ஒரே மட்டத்தில் படிந்து ஒட்டியிருக்கும், காற்றே போக முடியாத இடத்தில் இருக்கும். கரிசல் காட்டுக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ள வண்டி வாங்கின அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். கெடுவது பிறகு. ஒயரிங் இணைப்புகளுக்குள் பச்சை பூத்து, ஒருநாள் பவர் விண்டோ வேலை செய்யாது, ஒருநாள் மீட்டர் அணையும், ஒருநாள் ஸ்டார்ட்டே ஆகாது. எந்த மெக்கானிக்கும் இதுதான் கோளாறு என்று கைகாட்ட முடியாது. டயாலிசிஸுக்குப் போகிற வண்டிக்கு இதைவிட மோசமான வியாதி இல்லை.

அப்படியே திரும்பி வந்தோம். வழியில் டீக்கடையில் வைத்து அண்ணன் மத்த விஷயங்களைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிப்பது பற்றி: பெயிண்டைப் பார்க்காதே, இடைவெளியைப் பார். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இருக்கணும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் கீழே கம்பெனி வைத்த வெல்டிங் பொட்டுகள் வரிசையாகத் தெரியும். வரிசை குலைந்திருந்தாலோ, பொட்டே இல்லாமல் மழுமழுவென்று இருந்தாலோ அங்கே வேலை நடந்திருக்கிறது. ஃபெண்டர் போல்ட் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும், பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது (பம்பர் பிளாஸ்டிக், அங்கே வைத்துப் பார்த்துவிட்டு அலறக் கூடாது). பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் சாதாரணமாக 80இலிருந்து 150 மைக்ரான், பட்டிக்கு மேல் அடித்தது பல நூறு காட்டும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் வருஷத்தைக் குறிக்கும் எண்ணோ புள்ளியோ இருக்கும். முன் கண்ணாடி மட்டும் வேறு வருஷம் என்றால் கல் பட்டிருக்கலாம், நாலுவழிச் சாலையில் அது சகஜம். பக்கக் கண்ணாடி வேறு வருஷம் என்றால் ஏன் என்று கேட்கணும்.

கதவில் கோடு கோடாகக் கீறல் இருந்தால்? எங்கள் பக்கம் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம் சாய்ந்து நிற்கிற வண்டிப்பாதையில் ஓடின எந்த வண்டியும் அப்படித்தான் இருக்கும். அண்ணன் சொன்னது இன்னும் ஒருபடி மேலே: "முள்ளு கீறல் இல்லாத நரிக்குடி வண்டின்னு எவனாச்சும் கொண்டாந்தா, பெயிண்ட் அடிச்சு கொண்டாந்துருக்கான்னு அர்த்தம்."

இன்ஜினைப் பொறுத்தவரை முக்கியமான விதி, குளிர்ந்த இன்ஜினை நம் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணணும். ஏற்கெனவே சூடு பண்ணி வைத்த இன்ஜின் பாதி நோயை மறைத்துவிடும். பானெட்டில் கை வைத்துப் பார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நரிக்குடியில் பதினோரு மணிக்கு எந்தப் பானெட்டில் கை வைத்தாலும் தோல் உரியும், ஓடாத வண்டியிலும்தான். காலையில் ஆறு மணிக்குப் போங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகலாம். கறுப்புப் புகை, டீசலில் மிதிக்கும்போது கொஞ்சம் வந்தால் பரவாயில்லை, கக்கினால் இன்ஜெக்டரோ டர்போவோ பார்க்கணும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை பிஸ்டன் மாதிரி குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், இன்ஜின் வேலை காத்திருக்கிறது. மூடிக்குக் கீழே மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. குளிர்நாடுகளில் சும்மாவே அப்படிப் படியும் என்பார்கள். எங்கள் வெக்கையில் அந்தச் சாக்கு செல்லாது.

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை அதில் சொருகி போனில் பார்க்கலாம். கோளாறு எண் ஏதும் இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கோளாறுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற ஒரு கணக்கையும் பல வண்டிகள் காட்டும். அது 12 என்று இருந்தால் இன்று காலைதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

மூணாவது வண்டி தானாக வந்தது. வீரசோழன் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், தம்பிக்குத் தூரத்துப் பழக்கம். 2013 மாடல் டிசையர் டீசல், டி.என். 67, மீட்டரில் 1,42,000. இடது பின்கதவு சப்பை. ரெண்டு பக்கமும் முள்ளுக் கீறல். டேஷ்போர்டு வெயிலில் வெடித்திருந்தது. முதல் வண்டியோடு பக்கத்தில் நிறுத்தினால் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கேட்ட விலை 3,20,000.

அவரே சொன்னார்: "கதவு என் மச்சான் சொவத்துல இடிச்சது. கிளச்சு இன்னும் ஆறு மாசம் தாங்குனா பெரிசு. டயரு மாத்தணும். மத்தபடி ஒண்ணும் இல்லப்பா." அவர் சொல்லாவிட்டாலும் ஊரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். யார் வண்டி எங்கே இடித்தது, யார் ஆயில் மாற்றாமல் ஓட்டுகிறார், எல்லாம் டீக்கடையில் கிடைக்கும் தகவல். அகர்லாஃப் சொன்ன சிக்கல், விற்கிறவருக்கு மட்டும் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருப்பது. சின்ன ஊரில் அந்த மறைப்பு அவ்வளவு எளிதில்லை, விற்ற பிறகும் அவர் அதே ரோட்டில்தான் நடக்கணும். முன்பின் தெரியாத ஊரில் பளபளக்கும் வண்டியைவிட, கதை தெரிந்த சப்பை வண்டிக்கு நான் இருபதாயிரம் கூடவே கொடுப்பேன்.

நாற்பது நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம். மூணாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் நின்றது. கிளச் வழுக்குகிறது, அவர் சொன்னது சரி. மண் ரோட்டில் முன்பக்கம் கடகட என்று சத்தம், லோயர் ஆர்ம் புஷ். நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஏ.சி. சுமார். செலவைக் கூட்டினோம்: கிளச் 14,000, நாலு டயர் 18,000, முன்பக்க வேலை 6,000, ஏ.சி. 5,000. மொத்தம் 43,000. இந்தச் சீட்டை அவர் முன்னாலேயே வைத்துப் பேசினோம். 2,85,000க்கு முடிந்தது. விலை பேசுவதில் "கொஞ்சம் பார்த்துச் செய்ங்க" என்பதைவிட ஒரு மெக்கானிக் எழுதின சீட்டு நன்றாகப் பேசும்.

பேப்பர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். 2017இல் என் பழைய ஆல்டோவை விற்றபோது, வாங்கினவர் "பேர் மாத்திக்கிறேன் சார்" என்றார், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒண்ணரை வருஷம் கழித்து நான் போகாத ஒரு ஊரில் வேகமாக ஓட்டியதற்கு எனக்கு அபராதச் சீட்டு வந்தது. அபராதத்தோடு போனது என் அதிர்ஷ்டம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த வழக்கு ஒன்றில், ஒரு கார் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தது, பதிவு மட்டும் முதல் ஆள் பேரிலேயே கிடந்தது. விபத்து நடந்தது. நஷ்டஈடு கட்ட வேண்டியவர் பதிவில் பேர் இருக்கிறவர்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் எப்பவோ விற்றாச்சு என்ற பதில் எடுபடவில்லை.

ஆகவே விற்கிறவருக்கும் இது முக்கியம். படிவம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்தாகி, மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். ஆர்.சி.யில் ஹெச்.பி. இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் இல்லாமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். "கடன் கட்டியாச்சு" என்பது வேறு, ஆர்.சி.யிலிருந்து நீக்கியாச்சு என்பது வேறு. வண்டி நம்பரைப் பரிவாகன் தளத்தில் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும், அபராத பாக்கியையும் அங்கேயே தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். டி போர்டாக ஓடி ஓன் போர்டாக மாற்றின வண்டியா என்றும் கேளுங்கள். டாக்ஸியாக ஓடினது ஒரு வருஷத்தில் ஓடும் தூரம் வேறு. வேற மாநில நம்பர் என்றால் என்.ஓ.சி., இங்கே வாழ்நாள் வரி என்று தனிக் கணக்கு இருக்கிறது. டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மலிவாக இறங்கும் வண்டிகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி உண்டு. வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கூடவே வந்துவிடும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது, பாலிசியை நம் பேருக்கு மாற்றினால்தான். அதற்கு 14 நாள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், அது வண்டிக்குச் சொந்தமில்லை.

2024 டிசம்பரில் பழைய கார் விற்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வாட்ஸ்அப்பில் ஒரு கலவரம் ஓடியது. அந்த வரி பதிவு பெற்ற வியாபாரிக்கு, அதுவும் அவருக்குக் கிடைக்கிற லாபத்தின் மேல்தான். மளிகைக் கடைக்காரர் தன் சொந்த வண்டியை என் தம்பிக்கு விற்றதில் அப்படி எதுவும் இல்லை.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைக் கோட்டைவிட்டோம். வாங்கி ரெண்டாவது மாசம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது திருப்புவனம் தாண்டி டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. தம்பி உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டான், அது புத்திசாலித்தனம். பின் சீட்டில் சித்தப்பா. டயாலிசிஸ் முடிந்த உடம்பு, கண்ணைத் திறக்கவே சிரமப்படும் நேரம். வேப்பமர நிழலில் கட்டிலைக் கேட்டு வாங்கிப் படுக்கவைத்து, ஆள் வந்து சரிபண்ண ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆனது. ரேடியேட்டர் அடைப்பு. நாங்கள் பார்த்தது கூலன்ட் பாட்டிலை மட்டும்; அதில் பச்சையாக நன்றாகத்தான் இருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கவில்லை. வருஷக்கணக்காகப் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், கொதிக்கிற பானையில் படிகிற உப்பு மாதிரி வெள்ளையும் செம்பழுப்புமாகக் குழாய்க்குள் படிந்து கிடந்தது. கடைக்காரரிடம் சொன்னதற்கு, "எல்லாரும் அதத்தானப்பா ஊத்துறோம்" என்றார். ஏமாற்றவில்லை, அது ஒரு கோளாறு என்றே அவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கே தெரியாத குறையை எப்படிக் கேட்டு வாங்க முடியும்? ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய்.

இப்போது டிக்கியில் ரெண்டு லிட்டர் கூலன்ட் டப்பாவும், ஒரு மடக்குக் கட்டிலும் இருக்கின்றன. கட்டில் சித்தியின் ஏற்பாடு. வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. சப்பைக் கதவை இன்னும் தட்டவில்லை. 2028இல் பதினஞ்சு வருஷம் முடிகிறது, அப்போது எஃப்.சி. காட்டி, 5,000 ரூபாய் கட்டி, அஞ்சு வருஷத்துக்குப் பதிவை நீட்டிக்கணும். அதுவரை பவுனைத் திருப்பிவிட முடியுமா என்றுதான் தம்பி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.